சிங்கப்பூர் யுனிவர்சலா, அபுதாபி யாஸ் தீவா? கதவு நிலையில் அளந்துவிட்டு டிக்கெட் எடுங்கள்

பரீட்சை முடிந்து புத்தக மூட்டை பரணுக்குப் போன அன்றே எங்கள் திருப்பூர் வீட்டில் "இந்த வருஷம் எங்கே?" என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் பிள்ளைகளுக்குப் பழகிய இடம். கொச்சி வொண்டர்லாவும் பார்த்தாயிற்று. கோவையிலிருந்து சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் நேரடி விமானம் இருப்பதால், சென்னைக்கோ கொச்சிக்கோ போய் ஏற வேண்டிய வேலையில்லை. இரண்டு பக்கமும் பயண நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் கொஞ்சம் காசு சேர்த்து வைத்திருக்கிற நம் பக்கத்துக் குடும்பங்களில் கேள்வி இந்த இரண்டில் வந்து நிற்கும்: சிங்கப்பூர் செந்தோசாத் தீவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பொழுதுபோக்குப் பூங்காவா, அபுதாபி யாஸ் தீவில் இருக்கும் ஃபெராரி வேர்ல்டு, வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டு என்ற இரண்டு பூங்காக்களா?

2024 மே மாதம் யாஸ் தீவு, 2025 மே மாதம் சிங்கப்பூர் என்று இரண்டையும் பார்த்துவிட்டோம். இரண்டு தடவையும் ஒரே கூட்டம்தான்: நான், வீட்டுக்காரர், சின்னப் பையன், அண்ணன் மகள், அம்மாயி (அம்மா வழிப் பாட்டி). எட்டு வயதுக்காரனும் பதினைந்து வயதுக்காரியும் எழுபதை நெருங்குகிற பெரியவரும் ஒன்றாகக் கிளம்பினால் எது சரிப்படும் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் அனுபவம் இருக்கிறது.

முதலில் உயரம்

சில வருஷங்களுக்கு முன்னால் வேறொரு பூங்காவில் பையன் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றான். முறை வந்ததும் அளவுகோலுக்குக் கீழே நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு விரற்கடை குறைந்தது. அவன் அழக்கூட இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, நின்றிருந்த அத்தனை பேரையும் விலக்கியபடி வந்த வழியே திரும்பி நடந்தான். அது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அதற்குப் பிறகு டிக்கெட் எடுக்கும் முன் வீட்டிலேயே அளந்துவிடுகிறோம். பூஜை அறைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் சவாரியின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறோம். 92 சென்டிமீட்டரில் கேனபி ஃப்ளையர். 102-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ். 107-இல் ஜுராசிக் பார்க் படகு. 122-இல் மம்மி. 125-இல் பேட்டில்ஸ்டார். ஐந்தும் யுனிவர்சலில் இருப்பவை. எல்லாவற்றுக்கும் மேலே, கொஞ்சம் இடம் விட்டு, 140 என்று ஒரு கோடு. அது ஃபெராரி வேர்ல்டின் ஃபார்முலா ரோஸா.

சிங்கப்பூர் போனபோது பையன் 123. ஐந்து கோட்டில் நான்கு அவன் தலைக்குக் கீழே வந்துவிட்டன. பேட்டில்ஸ்டார் மட்டும் கிடையாது என்பது அவனுக்குத் திருப்பூரிலேயே தெரியும்; அங்கே போய் ஏமாறவில்லை. அதற்கு முந்தின வருஷம் அபுதாபி கிளம்பும்போது அவன் 117. 140 கோடு அவன் தலைக்கு மேலே ஒரு சாண் தள்ளி இருந்தது. ஃபெராரியின் பெரிய ரோலர் கோஸ்டர்கள் எல்லாம் அக்காவுக்கு, இவனுக்கு வேடிக்கை. அப்படித்தான் ஆயிற்று. விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் கிளம்பும் முன் அந்தந்தப் பூங்காவின் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசலும் இரண்டு வாசலும்

யுனிவர்சலின் பெரிய பலம், எல்லாம் ஒரே வாசலுக்குள் இருப்பது. 2010-இல் திறந்தார்கள். நடுவே ஒரு குளம். கரையைச் சுற்றி வீதி வீதியாக ஏழு பகுதிகள். உள்ளே நுழைந்தால் ஹாலிவுட். வலது பக்கமாக நடந்தால் நியூயார்க், சை-ஃபை சிட்டி, பண்டைய எகிப்து, லாஸ்ட் வேர்ல்டு, ஃபார் ஃபார் அவே, கடைசியில் மினியன் லேண்டு. அதைத் தாண்டினால் மறுபடி ஹாலிவுட். யாரும் வழி தவற முடியாது. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு மடகாஸ்கர் எங்கே என்று தேடாதீர்கள். அதை மூடிவிட்டு அந்த இடத்தில்தான் 2025 பிப்ரவரியில் மினியன் லேண்டைத் திறந்தார்கள்.

இந்த அமைப்பினால் என்ன லாபம் என்றால், குடும்பம் பிரிந்தாலும் பத்து நிமிடத்தில் மறுபடி சேர்ந்துகொள்ளலாம். அண்ணன் மகள் பேட்டில்ஸ்டாரில் ஏறிய நேரத்தில் நானும் பையனும் பக்கத்திலேயே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் முடித்துவிட்டு வந்தோம்.

யாஸ் தீவில் ஃபெராரிக்கு ஒரு வாசல், வார்னருக்கு ஒரு வாசல், தனித்தனி டிக்கெட். இரண்டையும் சேர்த்து எடுத்தால் விலை குறையும் என்றாலும் ஒரே நாளில் இரண்டையும் நிறைவாகப் பார்க்க முடியாது. உயரமான பிள்ளைக்கு ஃபெராரி, குட்டிப் பிள்ளைக்கு வார்னர். இரண்டும் இருக்கிற வீட்டில் ஒன்று, அப்பா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் போக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாள் செலவு செய்ய வேண்டும். நாங்கள் இரண்டு நாள் செலவு செய்தோம். அறை வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், உள்ளதிலேயே பெரிய வித்தியாசம் இதுதான்.

சவாரிகள்

வேகம்தான் வேண்டும் என்றால் பேச்சே இல்லை, ஃபெராரி. ஃபார்முலா ரோஸா 4.9 வினாடியில் மணிக்கு 240 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். உலகத்திலேயே வேகமான கோஸ்டர் என்ற பெயரைப் பல வருஷம் வைத்திருந்தது அதுதான். ஓடுபாதையில் விமானம் சீறிக் கிளம்பும்போது முதுகு இருக்கையில் ஒட்டுமே, அதைவிடப் பல மடங்கு. கட்டடத்துக்கு வெளியே திறந்தவெளியில் ஓடுவதால் மணலும் பூச்சியும் கண்ணில் அடிக்காமல் இருக்கக் கண்ணாடி மாட்டிவிடுகிறார்கள். அண்ணன் மகள் இறங்கி வந்து, "கன்னம் ரெண்டும் காதுகிட்டப் போயிருச்சுங்க அத்தை" என்றாள். அதற்கப்புறம் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தாள். ஃப்ளையிங் ஏசஸ் என்ற இன்னொரு கோஸ்டர் 2016-இல் வந்தது. அதன் வளையம் 52 மீட்டர் உயரம். அவளைக் கேட்டால் அதுவும் பிரமாதம்தான்.

யுனிவர்சலில் இதற்கு எதிரே வைக்கக்கூடியது பேட்டில்ஸ்டார் கேலக்டிகா. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடங்கள். இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று துரத்தி, மோதிக்கொள்ளப் போகிற மாதிரி வந்து விலகும். சிவப்பில் உட்கார்ந்து போகலாம், நீலத்தில் கால் தொங்கப் போக வேண்டும். உயரம் 42.5 மீட்டர், ஏறக்குறைய பதினான்கு மாடி. வேகம் 90 கிலோமீட்டருக்குள்தான். எண்ணிக்கையில் ஃபெராரிக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனாலும் நீலத் தடம் ஃப்ளையிங் ஏசஸைவிடப் பிடித்திருந்தது என்று அவள் சொன்னாள். எதிர் வண்டிக்காரர்களின் முகம் கிட்டத்தில் தெரிவதுதான் காரணமாம்.

எனக்கு யுனிவர்சலில் பிடித்தது இரண்டு. முதலாவது மம்மி. கட்டடத்துக்குள்ளேயே கும்மிருட்டில் ஓடும் கோஸ்டர். வளைவு எங்கே, இறக்கம் எங்கே என்று தெரியாததால், உள்ள வேகத்தைவிட இரண்டு மடங்கு போகிற மாதிரி இருக்கும். பயந்த பிள்ளையை வற்புறுத்தி ஏற்றாதீர்கள். பாதியில் இறங்க முடியாது.

அடுத்தது ஜுராசிக் பார்க் படகு. நம் ஒகேனக்கல் பரிசல் மாதிரி வட்டமான படகு. சுற்றிச் சுற்றி மிதந்து போய், இருட்டான ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து, மேலே தூக்கப்பட்டு, அங்கிருந்து சரேலென்று இறங்கும். படகு சுழல்வதால் யார் நனைவார்கள் என்று ஏறும்போது சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் முழங்கால் வரை. நான் தலை முதல் கால் வரை. மாற்றுத் துணி ஒரு செட் பையில் இருக்கட்டும். மழைக்கோட்டை வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் அங்கே வாங்கும் செலவு மிச்சம்.

வார்னரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2018-இல் திறந்தது. ஆறு பகுதிகளும் ஒரே கூரைக்குக் கீழே. குட்டிப் பிள்ளைகளுக்கு நான் பார்த்ததிலேயே இதுதான் சிறந்த இடம். டாமும் ஜெர்ரியும் பக்ஸ் பன்னியும் இருக்கிற கார்ட்டூன் ஜங்ஷன், கற்கால வீடுகளோடு பெட்ராக், ரோட் ரன்னர் ஓடுகிற பாறைப் பிரதேசமாக டைனமைட் கல்ச் என்று டிவியில் பார்த்த ஊரெல்லாம் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும். பெட்ராக் படகில் பையன் மூன்று தடவை போனான். கோத்தம் சிட்டிக்குள் நுழைந்தால் நட்ட நடுப்பகலிலும் ராத்திரிதான். நனைந்த தெரு மாதிரி தரை மினுங்கும். குறை என்று சொன்னால், பேட்மேன், சூப்பர்மேன், கிரீன் லேண்டர்ன் என்று பெரிய பேர் கொண்டவை திரையை நம்பியே இருக்கின்றன. இருக்கையை ஆட்டி, எதிரே படம் காட்டுகிறார்கள். இரண்டுக்கு மேல் போனால் எனக்குத் தலை சுற்றியது. யுனிவர்சலின் டிரான்ஸ்ஃபார்மர்ஸும் இந்த வகைதான் என்றாலும் அங்கே வண்டி நிஜமாகவே நகர்ந்து போவதால் அவ்வளவு தொந்தரவு இல்லை.

வெயில், மழை, கூட்டம்

நமக்கு விடுமுறை மே மாதத்தில். அப்போது அபுதாபியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆனால் வார்னர் முழுக்கவும், ஃபெராரி பெரும்பகுதியும் ஏசிக்குள் இருக்கின்றன. வரிசைகூடப் பெரும்பாலும் குளுகுளுவென்றுதான் நகரும். சிங்கப்பூரில் வெயில் அவ்வளவு இல்லை, புழுக்கமும் மழையும்தான். இடி மின்னல் வந்தால் வெளியே ஓடும் கோஸ்டரையும் படகையும் நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் ஒதுங்கி நிற்காமல் நேரே மம்மிக்கோ டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கோ போங்கள். இரண்டும் உள்ளே ஓடுபவை. வானிலை ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் யாஸ் தீவு ஒரு படி மேல்.

கூட்டத்தில் சிங்கப்பூர் ஜெயிக்கிறது. அங்கே பள்ளிக்கூடங்களுக்கு வருஷ நடுவில் வரும் விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க. நம் பிள்ளைகள் சும்மா இருக்கிற மே முதல் மூன்று வாரம் அவர்களுக்குப் பள்ளி நடக்கும். அந்த வாரங்களில் செவ்வாய், புதன் பார்த்துப் போனால் வரிசையில் முன்னால் விடும் எக்ஸ்பிரஸ் சீட்டுக்கென்று தனிக்காசு கொடுக்க வேண்டியதில்லை. நாங்கள் வாங்கவில்லை, மாலைக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டோம். மே தினமும் விசாக தினமும் அங்கே அரசு விடுமுறை, அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அபுதாபி போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: 2022 முதல் அங்கே வார விடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளி, சனி என்று பழைய நினைப்பில் திட்டம் போடாதீர்கள்.

அம்மாயிக்கு எது

சவாரி ஏறாத பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். காலையில் போனால் இருட்டும்வரை அவர்களும் நம்மோடு இருக்கப்போகிறார்கள்.

ஃபெராரியில் அம்மாயிக்குப் பார்க்க ஒன்றுமில்லை. கார்களைப் பார்த்தார், உட்கார்ந்தார். வார்னரில் குளிர் தாங்கவில்லை. சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டே இருந்தார். ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ கட்டாயம் எடுத்துப் போங்கள், மே மாதமானாலும்.

சிங்கப்பூரில் கதையே வேறு. தேக்காவில் அறை எடுத்திருந்தோம். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்கு நடந்தோம். நிலையத்தின் பெயர் தமிழிலும் எழுதியிருந்தது. அம்மாயி நின்று, எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டுப் போனார்கள். அங்கிருந்து வண்டி மாறாமல் ஹார்பர்ஃப்ரண்ட். மேலே ஏறி விவோசிட்டி மாலின் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில். தீவுக்குள் போக 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). திரும்பி வரச் செலவில்லை. கால் தெம்பு இருக்கிறவர்கள் கடலோரப் பாலத்தில் காசு கொடுக்காமல் நடந்தே போகலாம்.

உள்ளே வாட்டர்வேர்ல்டு காட்சி அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நெருப்பு, படகுச் சண்டை, கடைசியில் மதிலைத் தாண்டி ஒரு விமானமே வந்து தண்ணீரில் விழும். முன்வரிசைகள் நனையும், பெரியவர்களைப் பின்னால் உட்கார வையுங்கள். பொழுதோடு, மினியன் லேண்டில் பகி பூகி என்ற ராட்டினத்தில் பையன் கையைப் பிடித்து இழுக்க, அம்மாயியும் ஏறிவிட்டார். இறங்கும்போது, "அந்தியூர்க் குருநாதசாமி தேர்க்கடையில தூரி ஆடுனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் கண்ணு" என்றார். அந்தத் தூரி ஆடும்போது அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லையாம்.

ஆக, யாருக்கு எது

வீட்டில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் 140-ஐத் தாண்டியவர்கள், பெரியவர்கள் கூட வரவில்லை என்றால் யாஸ் தீவு. ஒரு நாள் ஃபெராரிக்குக் கொடுங்கள், மறுநாள் விருப்பப்பட்டால் வார்னர். ஷார்ஜாவில் இறங்கினால் யாஸ் தீவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குமேல் காரில் போக வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எல்லாரும் ஆறு வயதுக்குள் என்றாலும் யாஸ் தீவுதான், ஆனால் வார்னர் மட்டும். பெரிசும் சிறிசுமாகக் கலந்து கிளம்புகிற வீட்டுக்கு நான் சிங்கப்பூரைத்தான் சொல்வேன். போன மாதம்கூடச் சொந்தத்தில் நங்கையா போனில் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். இன்னும் 92-ஐத் தொடாத குழந்தை மட்டும்தான் வீட்டில் என்றால் இரண்டும் வேண்டாம். அந்தக் காசு பத்திரமாக இருக்கட்டும், மேட்டுப்பாளையம் போதும்.

இரண்டு நாட்டுக்கும் விசா வேண்டும். சிங்கப்பூருக்கு அதோடு, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. கோஸ்டர்களில் செல்போன், கைப்பை எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள், லாக்கரில்தான் வைக்க வேண்டும். தாலிக்கொடியை உள்ளே விட்டு ஊக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் அதைத்தான் செய்தேன்.

பையன் இப்போது 129. 125 கோட்டைத் தாண்டிய அன்றைக்கே பேட்டில்ஸ்டார் என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் அவனே ஒரு டிக் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி 140-ஐத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.