தமிழில் ஒரு சட்டக் கருத்துரைத் தொகுப்பு: திருகோணமலை வாசகர் ஒருவரின் மதிப்பீடு

திருகோணமலைப் பேருந்து நிலையத்துக்கு அண்மையிலுள்ள புத்தகக் கடையொன்றில் சென்ற மாதம் 650 ரூபா கொடுத்து இத்தொகுப்பை வாங்கினேன். காணி, அடிப்படை உரிமை, கடற்றொழில், குடும்பம், இணையம் ஆகிய துறைகளில் அண்மைக் காலத்தில் வந்த சட்டங்களையும் தீர்ப்புகளையும் சட்டத்தரணிகள் சிலர் இதில் தமிழில் விளக்கியுள்ளனர். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன என்பதால், இத்தகைய முயற்சி எதுவாயினும் அதனை நான் மதிப்புடனேயே கையில் எடுப்பேன்.

முதலிற் புரட்டியது காணிப் பகுதியை. கந்தளாய், மூதூர், தம்பலகாமம் பக்கங்களில் அரச காணி அனுமதிப்பத்திரத்தோடு வாழும் குடும்பங்கள் பல உள்ளன. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, இறந்தவர் தமக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளரை நியமிக்காதிருந்தால், மகள்மார் இருந்தாலும் மகனுக்கே முதலிடம் கிடைத்தது. இந்தப் பால் வேறுபாட்டை 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. கட்டுரையாளர் இதனைத் தெளிவாக, கிராம உத்தியோகத்தரிடம் வாசித்துக் காட்டக்கூடிய தமிழில் எழுதியிருக்கிறார். ஆனால், திருத்தத்துக்கு முன்னரே தகப்பன் இறந்து, பெயர் மாற்றம் இன்னும் முடியாதிருக்கும் மகளின் நிலை என்ன என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் பெரியம்மாவின் மகள் இதே கேள்வியோடுதான் பிரதேச செயலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார். ஆகையால் அக்குறை எனக்கு மிகவும் வலித்தது.

தொகுப்பின் சிறந்த பகுதி அடிப்படை உரிமை பற்றியது. உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யவேண்டும் என்பது பலருக்குத் தெரியும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி, விசாரணை நடைபெறும் காலம் கணக்கிற் சேராது என்பதும் சிலருக்குத் தெரியும். முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததை மனுதாரர் காட்டவேண்டும் என நீதிமன்றம் கூறியிருப்பதை இக்கட்டுரையே எனக்குச் சொல்லிக் கொடுத்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தமது சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என 2023 ஜனவரி 12 இல் வழங்கப்பட்ட தீர்ப்பையும், பொறுப்பு எவ்வாறு தனி மனிதர்மீது சுமத்தப்பட்டது என்ற கோணத்தில் நிதானமாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

கடலடியை வலையால் வாரி மீன்பிடிக்கும் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்த 2017 ஆம் ஆண்டுத் திருத்தம் பற்றிய கட்டுரை சிறியது, போதுமானது. வீட்டு வன்முறை பற்றியதும் அவ்வாறே.

இணையப் பகுதி ஏமாற்றமளித்தது. 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நான்கு பக்கங்களுக்குள் அடக்கப்பட்டுள்ளன. வாக்கியங்களைச் சட்ட வாசகத்திலிருந்து அப்படியே எடுத்து அடுக்கியிருப்பதால் இருமுறை வாசித்தும் விளங்கவில்லை. தன் படத்தை யாரோ தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கு இதிலிருந்து எதைச் சொல்வது?

தாளும் அச்சும் நன்று. எனினும் ஒரு மாதப் பாவனையிலேயே கட்டுக் கழன்று காணிப் பகுதியின் தாள்கள் தனியாக வந்துவிட்டன. வாங்குபவர்கள் கடையிலேயே கட்டைப் பார்த்து வாங்கவும்.