குளோன்ஜில்லாவும் ஆர்சிங்க்கும்: ஒரு மதுரை அச்சகத்தில் பல வருடப் பயன்பாடு

சிம்மக்கல் பக்கம் உள்ள ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர்கள் எல்லாமே லினக்ஸ். அவற்றின் பேக்கப்பைப் பல வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டிஸ்க் முழுவதையும் அவ்வப்போது குளோன்ஜில்லா என்ற டிஸ்க் நகலெடுக்கும் மென்பொருளில் இமேஜ், அதாவது முழு நகல், எடுப்பேன். கல்யாணப் பத்திரிகை, போஸ்டர், பில் புக் ஃபைல்கள் தினமும் இரவு ஆர்சிங்க் என்ற ஃபைல் நகலெடுக்கும் நிரல் வழியாக வெளி டிஸ்க்குக்குப் போய்விடும். இரண்டும் இலவசம், இரண்டையும் முழுசாக நம்புகிறேன். நம்புவதற்குக் காரணம், ஏதாவது கோளாறு என்றால் இரண்டும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றன.

குளோன்ஜில்லாவுக்கு உள்ளே வேலை பார்ப்பது பார்ட்குளோன் என்ற நிரல். டிடி என்ற லினக்ஸ் கட்டளை போல எல்லா செக்டரையும் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) அள்ளாமல், ஃபைல்சிஸ்டம் (எந்த ஃபைல் எங்கே என்று கணக்கு வைக்கும் அமைப்பு) பயன்படுத்தும் பிளாக்குகளை மட்டும் எடுக்கும். 1 டிபி டிஸ்க்கில் 200 ஜிபி இருந்தால் அந்த 200-க்கு ஆகும் நேரம்தான் ஆகும். ஆனால் எந்த பிளாக்கில் டேட்டா இருக்கிறது என்பதற்கு ஃபைல்சிஸ்டத்தின் கணக்கைத்தான் அது நம்ப வேண்டும். கணக்கு குழம்பியிருந்தால் நின்றுவிடும். கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டு மெஷின் அணைந்த பிறகு இது அடிக்கடி வரும். லைவ் யூஎஸ்பியில் (லினக்ஸ் உள்ள பென்டிரைவில்) பூட் செய்து, ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பார்ட்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பிரிவு) மவுண்ட் ஆகி, அதாவது பயன்பாட்டில், இருக்கும்போது மட்டும் ஓட்டவே கூடாது, உள்ளதும் கெட்டுவிடும்.

டிஸ்க்கைப் படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்னும் 'இன்புட் அவுட்புட் எரர்' வந்தால் கதை வேறு. அப்போது எஃப்எஸ்சிகே பக்கமே போகக் கூடாது. அது டிஸ்க்கில் எழுதும். சாகக் கிடக்கிற டிஸ்க்கில் எழுதுவது ஆபத்து. முதலில் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறித்துவைக்கும் பதிவை, பாருங்கள். சிஆர்சி எரர் (டேட்டா வரும் வழியில் நேரும் பிழை) எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான், மாற்றினால் போதும். பெண்டிங் செக்டர் (படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்) எண்ணிக்கை ஏறியிருந்தால் டிஸ்க்கே போகிறது என்று அர்த்தம்.

முகூர்த்த சீசன் நடுவில் டிசைன் மெஷினுக்கு அப்படித்தான் ஆனது. "தம்பி, நாளைக்குப் பத்திரிகை டெலிவரி. எரரைத் தாண்டிப் போகச் சொல்ல வழியில்லையா?" என்று முதலாளி கேட்டார். "வழி இருக்குண்ணே, ஆனா எந்த ஃபைல்ல ஓட்டை விழுந்துச்சுன்னு தெரியாமப் போயிரும்" என்றேன். குளோன்ஜில்லாவில் ரெஸ்க்யூ என்று ஒரு விருப்பம் உண்டு, படிக்க முடியாத பிளாக்கை விட்டுவிட்டு மேலே போகும். அதைவிட இந்த இடத்துக்கு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலே பொருத்தம். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். எங்கெங்கே படிக்க முடியவில்லை என்று மேப் ஃபைலில் குறித்தும் வைக்கும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லினக்ஸில் வழக்கமான ஃபைல்சிஸ்டமான எக்ஸ்ட்4 உள்ள பார்ட்டிஷன் என்றால், மேப் ஃபைலில் உள்ள பைட் எண்ணை பிளாக் அளவால், அதாவது வழக்கமாக 4096 ஆல், வகுத்தால் பிளாக் எண் கிடைக்கும். அதை டீபக்எஃப்எஸ் என்ற ஆய்வு நிரலில் ஐசெக் கட்டளைக்குக் கொடுத்தால் ஐநோட் எண் (ஃபைல்சிஸ்டம் ஃபைலுக்குத் தரும் அடையாள எண்), அந்த ஐநோடை என்செக்குக்குக் கொடுத்தால் ஃபைலின் பெயர். எந்தப் பத்திரிகையை மறுபடி செய்ய வேண்டும் என்று முதலாளியிடம் பெயரோடு சொல்ல முடிந்தது.

ஆர்சிங்க்கில் முடிவு எண்ணை, அதாவது வேலை முடிந்ததும் அது தரும் குறியீட்டு எண்ணை, பாருங்கள். 24 என்றால் நகலெடுப்பதற்குள் சில ஃபைல்கள் காணாமல் போய்விட்டன. பிரவுசர் கேஷ் மாதிரி தற்காலிக ஃபைல்கள்தான் என்றால் கவலை வேண்டாம். 23 வந்தால் சில போய்ச் சேரவில்லை, அதை விடக் கூடாது. வெளி டிஸ்க்கின் ஃபைல்சிஸ்டம் எக்ஸ்ஃபேட்டாக இருந்தால் ஃபைலின் உரிமையாளர் விவரத்தை வைக்க அதில் இடமே இல்லை, பெயரில் முக்காற்புள்ளி இருந்தாலும் ஏற்காது. எங்கள் பேக்கப் டிஸ்க்கை எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்தபின் இந்தத் தொல்லை அற்றுப்போனது.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எக்ஸ்ட்4-இல் பெயருக்கு 255 பைட்தான். எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. 'மீனாட்சி' என்ற நான்கெழுத்துக்கே 24 பைட் போய்விடும். வாடிக்கையாளர் விண்டோஸிலிருந்து பென்டிரைவில் கொண்டுவரும் ஃபைலுக்கு மணமக்கள், பெற்றோர், மண்டபம், தேதி எல்லாம் சேர்த்துப் பெயர் வைத்திருப்பார். அங்கே கணக்கு வேறு என்பதால் இடம் இருந்திருக்கும், இங்கே 'பெயர் மிக நீளம்' என்று நின்றுவிடும். பெயரைச் சுருக்குவதுதான் வழி.

குளோன் முடிந்த பிறகு வரும் சிக்கல்களில் பெரியது யூயூஐடி, அதாவது ஃபைல்சிஸ்டத்தின் தனி அடையாள எண். நகலுக்கும் மூலத்துக்கும் ஒரே யூயூஐடி இருக்கும். ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் என்றால் இரண்டாவதை மவுண்ட் செய்யவே மறுக்கும். பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் மாட்டியிருந்தால் டேட்டாவே கெடலாம். அதனால் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் புதியதை முதல் முறை பூட் செய்கிறேன். பழையதையும் அதே மெஷினில் தொடர்ந்து வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், வேறொரு மெஷினில் மாட்டி யூயூஐடியை மாற்றிய பிறகே திரும்பக் கொண்டுவருவேன்.