ஜிரா டிக்கெட்டின் ஓரத்தில் ஒரு பேனல்: க்ரூவியா, யுஐ கிட்டா, கஸ்டம் யுஐயா?

அட்லாசியன் நிறுவனத்தின் ஜிரா, வேலைகளையும் கோரிக்கைகளையும் டிக்கெட்டுகளாகப் பதிந்து பின்தொடரும் மென்பொருள். அதில் ஒரு டிக்கெட்டைத் திறந்ததும், அதே வாடிக்கையாளரின் முடிக்கப்படாத மற்ற டிக்கெட்டுகளும் வலப்பக்கத்தில் தெரிய வேண்டும் என்று ஆதரவுக் குழுக்கள் கேட்பது வழக்கம். ஜிராவில் இத்தகைய பேனலை, அதாவது ஓரத்தில் வரும் சிறு பெட்டியை, நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். சொந்தச் சர்வரில் ஓடும் டேட்டா சென்டர் பதிப்பில், ஸ்கிரிப்ட்ரன்னர் என்னும் கட்டண ஆப்பின் துணையோடு க்ரூவி மொழியில் எழுதலாம். கிளவுட் பதிப்பில் ஆப்புகளை எழுதுவதற்கான அட்லாசியனின் ஃபோர்ஜ் தளம் யுஐ கிட், கஸ்டம் யுஐ என்னும் இரண்டு வழிகளைத் தருகிறது. அழகையும் வேகத்தையும் பார்க்குமுன், அந்தப் பேனல் யாருடைய அனுமதியில் தரவைப் படிக்கிறது என்பதைக் கேட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றிலும் விரைவாக வேலை முடிவது ஸ்கிரிப்ட்ரன்னரில்தான். நிர்வாகத் திரையில் வெப் பேனல் ஒன்றைச் சேர்த்து, இடத்தையும் வரிசை எண்ணையும் குறித்து, ரைட்டர் என்னும் பொருளில் எச்டிஎம்எல்லை எழுதும் சில வரிகளைச் சேமித்தால் போதும். பக்கத்தைப் புதுப்பித்தவுடன் பேனல் வந்துவிடுகிறது. இந்த வசதியின் விலையும் அங்கேயே இருக்கிறது. ஸ்கிரிப்ட், ஜிரா இயங்கும் ஜாவா சூழலான ஜேவிஎம்முக்குள்ளேயே ஓடுவதால், ஜிராவின் ஜாவா நிரலால் இயன்ற ஏறத்தாழ எல்லாம் அதற்கும் இயலும். தேடல் சேவையைப் பயனரின் பெயரில் அழைத்தால் அவருக்கு உரிய டிக்கெட்டுகள் மட்டும் வரும். டிக்கெட்டுகளை எடுத்துத் தரும் ஜிராவின் உள் நிரலான இஷ்யூ மேனேஜரிடம் டிக்கெட் எண்ணைக் கொடுத்து நேரடியாகக் கேட்டாலோ, அனுமதிச் சோதனை எதுவும் இன்றி டிக்கெட் கைக்கு வந்துவிடும். சம்பளம் தொடர்பான டிக்கெட்டின் தலைப்பு எல்லோருடைய திரையிலும் தெரிவதற்கு அப்படி ஒரு வரி போதும். தலைப்பை எஸ்கேப் செய்யாமல் (அதிலுள்ள எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றாமல்) எழுதினால், டிக்கெட் பதிந்தவர் அதில் வைத்த ஸ்கிரிப்ட் துணுக்கு பார்ப்பவரின் பிரௌசரில் ஓடும் அபாயமும் உண்டு. பேனல் பக்கத்தோடு சேர்த்துச் சர்வரிலேயே உருவாவதால், அதற்குள் இருக்கும் தேடல் மூன்று வினாடி எடுத்தால் டிக்கெட் பக்கமும் அத்தனை வினாடி காத்திருக்கும்.

யுஐ கிட் இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. அங்கே எச்டிஎம்எல்லையும் சிஎஸ்எஸ்ஸையும் நேரடியாக எழுத முடியாது. அட்டவணை, பொத்தான், நிலையைக் காட்டும் சிறு வண்ணப்பட்டை என அட்லாசியன் தந்திருக்கும் கூறுகளை ரியாக்ட் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் பாணியில் அடுக்குகிறோம், ஜிரா அவற்றை வரைகிறது. எஸ்கேப் செய்யும் கவலை நம்மிடம் வருவதில்லை. இருண்ட தீமுக்கு மாறினால் பேனலும் தானாக மாறுகிறது. பேனலிலிருந்து ஜிராவின் ரெஸ்ட் ஏபிஐயை (இணையம் வழியாகத் தரவைக் கேட்டுப் பெறும் வாயிலை) அழைக்கும்போது அந்த அழைப்பு பார்ப்பவரின் அனுமதியில்தான் செல்கிறது என்பதே எனக்கு மிகவும் பிடித்த அம்சம். நம்முடைய எடுத்துக்காட்டுக்குச் சர்வர் பக்கம் ஓடும் பின்புல ஃபங்ஷனே வேண்டியதில்லை. அத்தகைய ஃபங்ஷன் எழுத நேர்ந்தால், ஆப்பின் பெயரில் அழைக்கிறோமா, பயனரின் பெயரில் அழைக்கிறோமா என்பதை நாமே சொல்ல வேண்டும். ஆப்பின் பெயரைத் தேர்ந்தால் க்ரூவியில் கண்ட பழைய சிக்கல் திரும்பி வரும்.

கஸ்டம் யுஐயில் நம்முடைய எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் தனி ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த தனிப் பக்கத்துக்குள்) ஓடுகின்றன. இழுத்து நகர்த்தும் பலகை போன்றவை தேவையென்றால் இதுவே வழி. ஆனால் தீம் மாற்றத்தை நாமே கவனிக்க வேண்டும். வெளி டொமைன் எதையேனும் தொட வேண்டுமானால் அதை ஆப்பின் அமைப்புகளைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பத்து வரிப் பட்டியலுக்காக இவ்வளவையும் சுமப்பது வீண்.

ஃபோர்ஜில், ஜிராவின் எந்த இடத்தில் ஆப் தோன்றும் என்பதைக் குறிக்கும் மாட்யூலின் பெயரைக் கவனிக்காமல் தேர்ந்துவிட்டுப் பலர் குழம்புகிறார்கள். இஷ்யூ பேனல் என்னும் மாட்யூல், பொதுவாக ஒவ்வொரு டிக்கெட்டிலும் யாராவது பொத்தானை அழுத்திச் சேர்த்தால்தான் தோன்றும். எல்லா டிக்கெட்டிலும் வலப்பக்கத்தில் தானாக வர வேண்டுமானால் இஷ்யூ கான்டெக்ஸ்ட் என்னும் மாட்யூலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிளவுட் ஆப்புகளை எழுதுவதற்கான கனெக்ட் என்னும் பழைய முறையில் புதிதாக எதையும் தொடங்குவதில் பொருளில்லை; அட்லாசியன் அதைக் கைவிட்டு வருகிறது.

டேட்டா சென்டரில் இருப்பவர்கள் க்ரூவியையே தொடரலாம். ஆனால் அந்தப் பதிப்பு 2029 மார்ச் 28-உடன் முடிவுக்கு வரும் என்று அட்லாசியன் அறிவித்துவிட்டதால், புதிய பேனலைச் சிறியதாக வைத்துக்கொள்வதே நல்லது. கிளவுடில் நம் ஸ்கிரிப்ட் ஜிராவின் ஜேவிஎம்முக்குள் ஓடாது என்பதால், ஜாவா வகுப்புகளை நம்பி எழுதிய க்ரூவியை அப்படியே எடுத்துச் செல்ல இயலாது. அதில் பெரும்பாலும் மிஞ்சுவது, டிக்கெட்டுகளைத் தேட ஜிராவின் தேடல் மொழியான ஜேக்யூஎல்லில் எழுதிய வரி ஒன்றுதான்.