ஆறு முள் சபிகி: குளிர்கால ஹெர்ரிங்குக்கு வாங்கலாமா?

கூட்டமாகக் கரையை ஒட்டி வரும் குளிர்கால ஹெர்ரிங் என்ற சிறு கடல்மீனைப் பிடிக்க, இரை கோக்கவே தேவையில்லாத தூண்டில் கோர்வைதான் சபிகி. ஒரே நரம்பில் (தூண்டில் நூலில்) ஆறு சிறு தூண்டில் முள்; ஒவ்வொன்றிலும் மீன்தோல் துண்டும் மினுக்கு இழையும். மேலே நரம்பு முறுக்காமல் சுழலும் வளையமான சுழலி, கீழே எடைக்கு ஈயம் மாட்டும் கொக்கி. ஈயம் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

மினுமினுப்பைப் பார்த்து வாங்காதீர்கள், மீனைவிட மனிதரைத்தான் அது அதிகம் பிடிக்கிறது. பார்க்க வேண்டியது ஒவ்வொரு முள்ளையும் தாய் நரம்போடு இணைக்கும் கிளை நரம்பை. அது மெலிந்து நீண்டிருந்தால் முதல் மீன் துள்ளியதுமே தாய் நரம்பில் சுற்றிக்கொள்ளும். விறைப்பாக, விரல் நீளத்துக்கு இருந்தால் போதும். முள் 8 அல்லது 10ஆம் எண். எண் கூடக்கூட முள் சிறுக்கும்.

சிக்கலுக்கு இன்னொரு காரணம் இலகுவான ஈயம். 30 கிராமுக்குக் குறைந்தால் கோர்வை நேராக நிற்காது. நீரோட்டம் இருந்தால் 60 வரை போகலாம், தூண்டில் கோல் அதைத் தாங்க வேண்டும். ஈயத்தை மட்டும் மெல்லிய நரம்பில் கட்டினால் பாறையில் மாட்டும்போது ஈயம் மட்டும் அறுந்து போகும், முட்கள் மிஞ்சும். ஓங்கி வீசாமல் மெதுவாக எறியுங்கள். அடியைத் தொட்டதும் கோலை மெல்ல உயர்த்தித் தாழ்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டு வாருங்கள். பகலில் ஹெர்ரிங் ஆழத்தில் நிற்கும், இருட்டியதும் மேலேறும். ஒளிரும் மணி உள்ள சபிகி அப்போதுதான் பயன்படும். அது ஒளிர, எறியும் முன் மணிமேல் டார்ச் அடிக்க வேண்டும்.

கடித்ததும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஹெர்ரிங்கின் வாய் மென்மையானது, கிழிந்துவிடும். சில நொடி விட்டுவைத்தால் அது துடிப்பதைப் பார்த்து மற்றவையும் வந்து கடிக்கும். பிறகு ரீலை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். உயரமான பாலத்திலிருந்து ஆறு மீனை ஒன்றாகத் தூக்கினால் பாதி கடலுக்கே திரும்பும், அதற்குச் சபிகியைக் குறை சொல்ல முடியாது.

கோல் 2.7 மீட்டருக்குக் குறைவென்றால் முழுக் கோர்வையைக் கையாள்வது கஷ்டம். நடுவில் வெட்டி மூன்று முள்ளாக்குங்கள்: மேல் பாதியின் அடியில் ஈயத்துக்கு ஒரு கண்ணி, கீழ்ப் பாதியின் தலையில் ஒரு சுழலி. முள் எண்ணிக்கைக்கு வரம்பு உள்ள கரைகளிலும் இதுவே வழி.

நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்காவிட்டால் இந்த மெல்லிய முட்கள் சீக்கிரமே துருப்பிடிக்கும். வந்த அட்டையில் திரும்பச் சுற்றினால் நரம்பு மடிந்துபோகும். நுரை உருளையில் சுற்றி வையுங்கள்.