பைக்குக்குக் கார் டயர் மாட்டி அனுப்புறாங்க, மலைப் பாதையில ஓடுறவங்க கவனம்

பழைய அவெஞ்சர் மாதிரி, பின் சில்லு 15 அங்குலம் உள்ள பைக் வச்சிருக்கிற மலையகத்து ஆக்கள் டயர் மாத்தப் போறதுக்கு முதல் இதை வாசிச்சிட்டுப் போங்க.

எங்க டவுன்ல ஒரு டயர் கடை. பெயர் போடல, கேட்காதீங்க. என் பைக்குக்குப் பின் டயர் அளவு 130/90-15. "இருக்கு தம்பி, ஜப்பான் டயர், புதுசு. வண்டிய விட்டுட்டுப் பின்னேரம் வாங்க"ன்னார் முதலாளி. 16,000 ரூபா. பின்னேரம் போனா, டயருக்குக் கறுப்புப் பாலிஷ் எல்லாம் பூசி வண்டி பளபளன்னு நிக்குது.

அந்த நிக்கிற விதத்துலேயே ஏதோ சரியில்ல. சைட் ஸ்டாண்ட் போட்டா வண்டி இடப்பக்கம் நல்லா சாயணும். இது கிட்டத்தட்ட நேரா நிக்குது, லேசாத் தட்டினா வலப்பக்கம் விழுந்துடும். கேட்டேன். "புது டயர்னா அப்படித்தான் தம்பி, ஓட ஓட சரியாகும்"னு பதில். எந்த டயர் ஓட ஓட வளரும்னு தெரியல.

கொட்டகலை வரைக்கும் ஒண்ணும் பெரிசாத் தெரியல. பத்தனை தாண்டி, டெவன் நீர்வீழ்ச்சிப் பக்கத்து வளைவுகள்லதான் வண்டி குணத்தைக் காட்டிச்சு. சாய்ச்சா சாயாது. ஹேண்டிலைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும், கொஞ்சம் தளர்த்தினா சட்டுனு நிமிர்ந்து ரோட்டு நடுவுக்கு இழுக்குது. மழைத் தூறல், பனிமூட்டம், எதிர்ல சீ.டி.பி. பஸ். தலவாக்கலைக்கு உருட்டாத குறையாத்தான் போய்ச் சேர்ந்தேன்.

அங்க தெரிஞ்ச கராஜ் பாஸ் (மெக்கானிக்) ஒருத்தர் பாலிஷைத் துடைச்சுட்டு டயர் பக்கவாட்டுல இருந்த எழுத்தை வாசிச்சார். டி125/70டி15. ரீகண்டிஷன் கார்களோட டிக்கியில வருமே, அந்த ஒல்லி ஸ்பெயார் சில்லு டயர்! தற்காலிகப் பாவனைக்கு மட்டும், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல வேண்டாம், காத்து 60 பீ.எஸ்.ஐ. எல்லாத்தையும் ஆங்கிலத்துல அச்சடிச்சே வச்சிருக்கான். திகதி 3209, அதாவது 2009ஆம் வருசம் 32ஆவது கிழமையில செஞ்சது. அதுதான் "புதுசு". கணக்குப் போட்டா இதோட குறுக்களவு என் பழைய டயரை விட ஆறு சென்ரிமீற்றர் குறைவு, அதனால வண்டியின் பின்பக்கம் மூணு சென்ரிமீற்றர் இறங்கியிருக்கு. சைட் ஸ்டாண்ட் விஷயம் அப்பத்தான் விளங்கிச்சு.

திரும்பப் போய்க் கேட்டா முதலாளி மறுக்கவே இல்ல. ஃபோனை எடுத்து ஒரு வீடியோ காட்டுறார். "பாருங்க தம்பி, அமெரிக்காவுல கோல்ட் விங்னு ஹொண்டாவோட பெரிய பைக், அதுக்கே கார் டயர்தான் போடுறாங்க. நாப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும்."

சில பேர் போடுறாங்கதான். பைக்குக்குக் கார் டயர் போடலாமா கூடாதாங்கிற சண்டை அங்க பல வருசமா நடக்குது. கார் டயர் நீண்ட காலம் உழைக்கும், விலை குறைவு, நேர்ப் பாதையில நல்லாப் பிடிக்கும்னு ஒரு கூட்டம் சத்தியம் பண்ணுது. அதுல பொய் இல்ல. ஆனா அது நானூறு கிலோ வண்டி, ஓடுறது நூல் பிடிச்ச மாதிரி நெடுஞ்சாலையில, போடுறவனும் தெரிஞ்சே போடுறான். அப்படியிருந்தும் டயர் கம்பனிகள் இதை வேண்டாம்னுதான் சொல்றாங்க.

காரணம் லேசானது. பைக் டயரோட முகம் உருண்டை, சாய்ஞ்சாலும் கிட்டத்தட்ட அதே அளவு ரப்பர் ரோட்டுல இருக்கும். கார் டயர் முகம் தட்டை, கார் சாயாதே! பைக்கைச் சாய்க்கும்போது அது ஓரத்துல ஏறி நிக்கும், பிறகு தட்டைக்கே திரும்பப் பார்க்கும். சைட்கார் பூட்டின பைக்குக்குக் கார் டயர் சரிவர்றது அந்த வண்டி சாயாததாலதான். இன்னொண்ணு, கார் டயர் ஒரு காரோட பாரத்துக்குச் செஞ்சது. நூற்றைம்பது கிலோ சொச்சம் உள்ள என் வண்டிக்கு அது மசியாது, ரோட்டைப் பிடிக்கத் தேவையான சூடும் ஏறாது. ரிம்முல டயர் விளிம்பு உட்கார்ற இடமும் காருக்கு வேற, பைக்குக்கு வேற. காத்தை அளவுக்கு மீறி ஏத்தித்தான் உட்கார வைப்பாங்க, அந்த நேரத்துல வெடிச்சா பக்கத்துல நிக்கிறவன் கை போயிடும்.

றம்பொடை, கினிகத்தேனை வளைவுகள்ல ஓடுற நமக்கு அமெரிக்க வீடியோ எதுக்கு?

2020ல வாகன இறக்குமதி நின்னதுல இருந்து எல்லாரும் பழைய வண்டியைத்தான் கட்டிக் காத்தோம், டயர் தட்டுப்பாடும் தெரியும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டுமே. பைக் டயர் காசை வாங்கிட்டு டிக்கி டயரை மாட்டுறது களவு.

மாட்ட முதல் டயரைக் கையில வாங்கிப் பாருங்க. இந்த அளவு பைக் டயர்கள்ல பெரும்பாலும் அளவுக்குப் பக்கத்துல எம், சி என்ற ஆங்கில எழுத்து ரெண்டும் இருக்கும். கடைசி நாலு இலக்கத் திகதியையும் பாருங்க. பில்லுல டயர் பெயர், அளவு ரெண்டையும் எழுதச் சொல்லுங்க. எனக்குத் தந்த பில்லுல "டயர் 1" மட்டும்தான், இப்ப அதை வச்சுத்தான் தப்பிக்கப் பார்க்கிறார். பாதிக் காசு தாறேன்னார், நான் வாங்கல.

நுகர்வோர் அதிகாரசபைக்கு எழுதிப் போட்டிருக்கேன். அவங்க இலக்கம் 1977. முறைப்பாடு எழுத்துல இருக்கணும், சாமான் வாங்கி மூணு மாசத்துக்குள்ள போகணும். டயர், பில், பக்கவாட்டு எழுத்து எல்லாத்தையும் படம் எடுத்து இணைச்சிருக்கேன். வண்டி இன்னும் பாஸ் கராஜ்லதான். நுவரெலியா, ஹட்டன் பக்கம் ஒழுங்கான 130/90-15 யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க.