முழங்கால் தண்ணீரில் நான்கு ஆண்டுகள்: தேவிபட்டினம் பக்கம் இறங்கித் தூண்டில் போட்ட அனுபவம்

சிறுவயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேவிபட்டினம் நவபாஷாணத்தைச் சுற்றியிருக்கிறேன். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்கள். பெரியவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர், எனக்கு மார்பளவு. அலை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும், காலை உரசிக்கொண்டு குஞ்சு மீன்கள் ஓடும். அதே கடலில் இறங்கி நின்று தூண்டில் போடலாம் என்பது எனக்கு முப்பத்தாறு வயதில்தான் தோன்றியது. 2021 பிப்ரவரியில் தொடங்கினேன். நான்கு பருவங்கள் முடிந்துவிட்டன. வாங்கியதில் எது தாங்கியது, எது பாழானது, எங்கே அடிபட்டேன் என்பதையெல்லாம் புதிதாக இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் பணத்தை முழங்காலுக்குக் கீழே செலவழியுங்கள். நான் மாற்றிச் செய்தேன். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துக் கோலும் ரீலும் வாங்கிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளை கேன்வாஸ் ஷூவுடன் கடலில் இறங்கினேன். அந்தக் கோல் இன்றும் நன்றாக இருக்கிறது. காலில்தான் தழும்புகள்.

இராமநாதபுரம் மாவட்டத்தின் பாக் விரிகுடாக் கரை இதற்கென்றே அமைந்தது போன்றது. மண்டபத்தின் வடகரை தொடங்கி உச்சிப்புளி, தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி வரை தரை மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் தரை இவ்வளவு தட்டையாக இருப்பதால், ஒரு சாண் நீர் வற்றினாலே கரை வெகுதூரம் உள்ளே போய்விடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இது நன்றாகத் தெரியும். வற்றிய நேரத்தில் உள்ளே நடந்து போய், நீர் ஏறத் தொடங்கும்போது மீனோடு சேர்ந்து கரைப்பக்கம் திரும்பி வருவதுதான் என் வழக்கம்.

காற்றைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. அக்டோபர் முதல் ஜனவரி வரை வடக்கிலிருந்து வாடையும் கிழக்கிலிருந்து கொண்டலும் அடிக்கும். எங்கள் கரை கிழக்கே பார்த்தது என்பதால் தண்ணீர் முழுக்கக் கலங்கிவிடும், பாதம் கண்ணுக்குத் தெரியாது. பாதம் தெரியாத தண்ணீரில் நான் இறங்குவதில்லை. பிப்ரவரியிலிருந்து தெளிவு வரும். மே மாதத்துக்குப் பிறகு சோழகக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் ஓரத்தண்ணீர் தட்டில் ஊற்றியது போலக் கிடக்கும். ஆனால் அந்த மாதங்களில் வெயில் ஆளைச் சாய்த்துவிடும். விடியுமுன் இறங்கி ஒன்பது மணிக்குள் கரையேறிவிடுகிறேன். இரண்டு லிட்டர் தண்ணீர் முதுகுப்பையில் எப்போதும் இருக்கும்.

இனி காலணிக் கதை. அந்த கேன்வாஸ் ஷூ ஐந்து மாதம் வந்தது. உப்பில் பசை விட்டு அடித்தோல் வாயைப் பிளந்தது. அது பிளக்கும் முன்பே, உள்ளே புகுந்த மணல் குதிகாலைத் தேய்த்துப் புண்ணாக்கியிருந்தது. அடுத்து வார் வைத்த பிளாஸ்டிக் செருப்பு. காரங்காட்டுப் பக்கம் அலையாத்தி ஓரச் சேற்றில் இரண்டாவது நாளே ஒரு கால் செருப்பு உள்ளே போனது, எடுக்க முடியவில்லை. மூன்றாவதாக நியோபிரீன் பூட்ஸ், கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை உயரம், தடித்த ரப்பர் அடி, பக்கவாட்டில் ஜிப். சிப்பி ஓடுகள் மேல் அச்சமில்லாமல் நடந்தேன். ஆனால் ஏழாவது மாதம் உப்பும் மணலும் சேர்ந்து ஜிப்பை இறுக்கிவிட்டன. ஒரு நாள் கத்தியால் கிழித்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. இப்போது இருப்பது ஜிப் இல்லாத, இழுத்து மாட்டும் வகை. இரண்டரை ஆண்டாகிறது, அடி தேய்ந்ததைத் தவிரக் குறையில்லை. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, உள்தட்டை உருவி, நிழலில் கவிழ்த்து வைக்கிறேன். வெயிலில் காயப்போட்டால் ரப்பர் வெடிக்கிறது.

பூட்ஸ் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் திருக்கையிடமிருந்து அது மட்டும் காப்பாற்றாது. மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் திருக்கையை மிதித்தால் வால் மேல்நோக்கிச் சுழன்று அடிக்கும். முள் இறங்குவது பாதத்தில் அல்ல, கணுக்காலிலும் அதற்கு மேலும்தான். வீச்சு வலை போடும் பெரியவர் ஒருவர் முதல் வாரத்திலேயே என்னை நிறுத்திச் சொன்னார்: “தம்பி, காலைத் தூக்கி வைக்காதே. தரையோடு தேய்த்துக்கொண்டு போ. சத்தம் கேட்டால் அதுவே விலகிப் போய்விடும்.” அவர் நடப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். உழவுக்குப் பின் பரம்பு இழுத்தது போல மணலில் இரண்டு கோடுகள் விழுந்துகொண்டே போயின.

தெரிந்தும் ஒரு நாள் மறந்தேன். 2022 ஜூலையில், முன்னால் துள்ளிய பாரையை எட்டிப் பிடிக்கும் ஆசையில் இரண்டு எட்டு தூக்கி வைத்தேன். இடது கணுக்காலின் வெளிப்பக்கம், பூட்ஸ் விளிம்புக்கு ஒரு விரல் மேலே, காய்ச்சிய கம்பியைச் செருகியது போல இருந்தது. கரைக்கு வருவதற்குள் வலி தொடைவரை ஏறிவிட்டது. அந்தப் பெரியவர் வீட்டில் வெந்நீர் வைத்தார்கள். திருக்கை விஷம் சூட்டுக்குச் சிதையும் தன்மையுடையது. 45 டிகிரி அளவில், தோல் வேகாமல் பொறுக்கக்கூடிய சூட்டில் காலை அமிழ்த்தி வைக்க வேண்டும். அடிபட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதால் மற்றவர் கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. அரை மணி நேரத்தில் வலி பாதியாக இறங்கியது. பிறகு மருத்துவமனையில் புண்ணைக் கீறி முள்துணுக்கை எடுத்து, டெட்டனஸ் ஊசி போட்டார்கள். ஆறு வாரம் கடல் பக்கம் போகவில்லை. அன்றிலிருந்து வண்டியில் ஒரு பெரிய பிளாஸ்க் வெந்நீர் இல்லாமல் கிளம்புவதில்லை.

சின்னக் கீறலையும் அலட்சியம் செய்யாதீர்கள். வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ என்னும் கிருமி இருக்கும். புண் வழியாக அது ஏறினால் சில மணி நேரத்தில் கால் சிவந்து வீங்கிவிடும். ஈரல் நோயோ சர்க்கரையோ உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. ஆறாத புண் இருக்கும் நாளில் நான் இறங்குவதில்லை. சொறி மீன்கள் (ஜெல்லி மீன்கள்) காலில் படாமலிருக்க, எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் உடலோடு ஒட்டிய முழுக்கால் சட்டைதான்.

என்னிடம் இருப்பதிலேயே மலிவான பொருள் ஒரு மூங்கில் கழி. ஐந்தடி நீளம். முழங்கால் உயரத்தில் ஒரு கயிற்றுச் சுற்று, தொடை உயரத்தில் ஒரு சுற்று. இரண்டாவது சுற்று நனைந்தால் திரும்பிவிடுவேன். சேறா மணலா என்பதை அடுத்த எட்டு வைக்கும் முன்பே அது சொல்லிவிடும். கை விட்டால் மிதக்கும், இடுப்போடு கட்டியிருப்பதால் எங்கும் போகாது. சேற்றில் கால் புதைந்துவிட்டால் பதறி மற்ற காலை ஊன்றி இழுக்காதீர்கள், இரண்டும் மாட்டும். கழியில் உடம்பின் பாரத்தைச் சாய்த்து, குதிகாலை அசைத்து அசைத்துத் தண்ணீரை உள்ளே விட்டால் கால் தானாக வரும்.

கோலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏழடி, இரண்டு துண்டு, லேசானது போதும். ரீல் 2500 அல்லது 3000 என்று எண் போட்ட அளவு. பத்துப் பதினைந்து பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நூல், அதன் நுனியில் இரண்டு முழம் தங்கூசி, அதாவது ஒற்றை நைலான் இழை. முதல் ரீலை இரண்டு முறை கடல்நீரில் முக்கிவிட்டேன். பதினான்கு மாதத்தில் உள்ளே அரைக்கும் சத்தம் வந்து நின்றே போனது. இரண்டாவது ரீலை ஈரத்துணியால் துடைத்து, நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டிராக் திருகைத் தளர்த்தி வைக்கிறேன். மூன்றாம் ஆண்டிலும் வெண்ணெய் போலச் சுற்றுகிறது. தூண்டில் முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். சின்ன மீனை நோகாமல் விடலாம், நம் விரலில் ஏறினாலும் எளிதில் எடுக்கலாம். தண்ணீரின் பளபளப்பை அடக்கும் போலராய்டு கண்ணாடி ஆடம்பரமில்லை, அது இல்லாமல் திருக்கையின் நிழல் தெரியாது.

புதியவர்கள் கொடுவாயையும் சீலாவையும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். கிழங்கானிலிருந்து தொடங்கச் சொல்வேன். கடற்புல் திட்டுகளுக்கு இடையே வெற்று மணல் இருக்கும், அங்கேதான் மேயும். சிறிய ஈயக்குண்டு, சிறிய முள், உரித்த இறாலில் சுண்டுவிரல் நகமளவு. வீசிவிட்டு மெல்ல இழுத்தால் நூலில் டிக், டிக் என்று இரண்டு தட்டு வரும். மூன்றாவது தட்டுக்குப் பொறுக்க வேண்டும். கைக்கு வந்த கிழங்கானை ஒருமுறை வெயிலில் திருப்பிப் பாருங்கள். மணல் நிற முதுகு, பக்கவாட்டில் வெள்ளிப் பட்டை, கூர்ந்த மூக்கு. பயந்தால் அந்த மூக்கால் மணலுக்குள் புகுந்துகொள்ளும். ஓராவைப் பிடித்தால் துணி சுற்றித்தான் எடுக்க வேண்டும், அதன் முதுகு முள்ளில் விஷம் உண்டு. உடலை ஊதிக்கொள்ளும் நச்சு மீனான பேத்தை சிக்கினால் நூலை அறுத்து விடுங்கள், அதைச் சமைக்கவே கூடாது. பிடித்ததைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிட்டால் இந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்தில் சதை குழைந்துவிடும். கரையில் ஐஸ் பெட்டி வைத்து, நான்கு மீனுக்கு ஒருமுறை போய் வைத்துவிட்டு வருகிறேன்.

இந்தத் தண்ணீர் ஏற்கெனவே பலருடைய பிழைப்பு. களங்கட்டி வலைகளும் நண்டு வலைகளும் பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளும் இங்கேதான் இருக்கின்றன. அவற்றின் பக்கம் வீசக் கூடாது. ஊருக்குள் போய் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு இறங்குங்கள், அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். தெளிந்த தண்ணீர் வேண்டும் என்று மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போக நினைக்காதீர்கள். அந்த 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. கடல் அட்டையையும் கடல் குதிரையையும் பார்க்கலாம், தொடக்கூடாது, சட்டம் கடுமையானது. கடற்புல்லை மிதித்துக்கொண்டு நடக்காமல் மணல் தடத்திலேயே போங்கள். எங்களுக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். கடற்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான்.

என் மகளுக்கு எட்டு வயது. வரும் மார்ச்சில் நவபாஷாணத்துக்குத் தெற்கே, முழங்கால் நனையும் இடம்வரை அழைத்துப் போகப் போகிறேன். அவளுக்குக் கோல் இன்னும் வாங்கவில்லை. பூட்ஸ் வந்துவிட்டது. ஒரு அளவு பெரியது, உள்ளே தடித்த காலுறை போட்டால் சரியாக நிற்கிறது. மாலையில் வாசலில் அதை மாட்டிக்கொண்டு, மணலில் கோடு விழுகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி காலைத் தேய்த்து நடந்துகொண்டிருக்கிறாள்.