சனிக்கிழமை மெஷினில் போட்ட பணம், ஞாயிற்றுக்கிழமை திரும்பிய தவணை: 2,180 ரூபாய் போன கதை

என்னுடைய 9,500 ரூபாய் வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் கிடந்த அதே நேரத்தில், என் கணக்கில் போதிய இருப்பு இல்லை என்று சொல்லி அதே வங்கி என்னிடம் கட்டணம் பிடித்திருக்கிறது. அந்தக் கட்டணமே அடுத்த கட்டணத்துக்கும் காரணமாகி, கடன் கொடுத்த நிதி நிறுவனமும் தன் பங்குக்குக் கை நீட்டியதில், மொத்தம் 2,180 ரூபாய் போய்விட்டது. "விதிமுறைப்படியே பிடித்தம் செய்யப்பட்டுள்ளது" என்ற பதில் இன்றுதான் மின்னஞ்சலில் வந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்று ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய வங்கி, மற்றொன்று வாகனக் கடன் தரும் நிதி நிறுவனம்.

லோடு ஆட்டோவுக்காக வாங்கிய கடனுக்கு மாதம் 9,840 ரூபாய் தவணை. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி என் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இம்முறை 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள், மாதத்தின் முதல் சனிக்கிழமை என்பதால் வங்கிக்கு வேலை நாள்தான். கணக்கில் 420 ரூபாய் இருந்தது. கையில் 9,500 ரூபாய் ரொக்கம் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் 9,920. தவணை போக 80 ரூபாய் மிஞ்சும்.

பணம் கட்டும் சீட்டை நிரப்பிக்கொண்டு கவுன்டர் வரிசையில் நின்றேன். இதைப் போன்ற சின்னத் தொகைகளையெல்லாம் இங்கே வாங்குவதில்லை, வெளியே உள்ள மெஷினில் போடுங்கள் என்றார் உள்ளே இருந்தவர். நாளைக்குத் தவணை எடுப்பார்கள், பணம் இன்றே ஏற வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். அதற்கு அவர் சிரித்துக்கொண்டே, "போட்ட உடனே ஏறிடும் சார். அதுவும் நாளைக்கு ஞாயித்துக்கிழமை, யார் சார் எடுக்கப் போறாங்க?" என்றார். வங்கிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இப்படிச் சொல்லும்போது, அதை நம்பாமல் வேறு யாரை நம்புவது? அவர் சொன்ன இரண்டுமே பொய் என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

மெஷின் நோட்டுகளை இழுத்துக்கொண்டது, எண்ணியது, 9,500 என்று திரையில் காட்டியது, சரி என்று நானும் அழுத்தினேன். அதன் பிறகு உள்ளே ஏதோ சிக்கிய சத்தம் கேட்டது. பணமும் திரும்பி வரவில்லை, கணக்கிலும் ஏறவில்லை. பரிவர்த்தனை முழுமையாகவில்லை, கிளையை அணுகவும் என்று ஒரு சீட்டு மட்டும் வந்தது. அந்தச் சீட்டோடு நேராக உள்ளே போய் அதே ஊழியரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், பின்பக்கம் ஏதோ குறித்துத் திருப்பிக் கொடுத்தார். "சீட்டு வந்துட்டுதுல்ல, பணம் பத்திரமா இருக்கு, ராத்திரிக்குள்ள ஏறிடும்" என்றார். எழுத்துப்பூர்வமாகப் புகார் பதிய வேண்டுமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் தேவையில்லை என்று கையசைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஞாயிறு காலை குறுஞ்செய்தி வந்தது: இருப்பு போதாததால் தவணை திரும்பிவிட்டது. திரும்பியதற்கான கட்டணம் 500 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 90 ரூபாய், ஆக 590. கணக்கில் இருந்த 420 ரூபாயை முழுதாக எடுத்துக்கொண்டு, மீதி 170 ரூபாய்க்கு, அடுத்து வரும் பணத்தில் பிடித்துக்கொள்வதாகக் குறித்து வைத்துவிட்டார்கள். அன்றே நிதி நிறுவனமும் தன் பவுன்ஸ் சார்ஜ் 500 ரூபாயை என் கடன் கணக்கில் ஏற்றியது.

மெஷினில் சிக்கிய 9,500 திங்கட்கிழமை மாலைதான் வரவு வைக்கப்பட்டது, அதுவும் திங்கட்கிழமைத் தேதியிட்டு. வந்த வேகத்தில் அந்த 170 ரூபாயும் பிடிக்கப்பட்டு, மிஞ்சியது 9,330. நிதி நிறுவனம் சில நாள் கழித்து அதே தவணையை மறுபடி அனுப்பியபோது 9,840 தேவைப்பட்டது. வங்கி 590 ரூபாயை எடுக்காமல் இருந்திருந்தால் அது தாராளமாகப் போயிருக்கும். எடுத்ததால் மறுபடியும் திரும்பியது; மறுபடியும் வங்கிக்கு 590, நிதி நிறுவனத்துக்கு 500. வங்கிக்கு 1,180, நிதி நிறுவனத்துக்கு 1,000, மொத்தம் 2,180 ரூபாய். தவணைத் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்! மேட்டுக்குத் தள்ளிய வண்டியைத் தானே பள்ளத்தில் உருட்டிவிட்டு, உருண்டதற்கு வாடகை கேட்பது போன்ற வேலை இது.

கேட்கப் போனால் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கை காட்டுகிறார்கள். மெஷினைப் பராமரிப்பது வெளி ஏஜென்சி, அவர்கள் திறந்து எண்ணிச் சரிபார்த்த பிறகே வரவு வைக்க முடியும் என்கிறது கிளை. சரி, எண்ணியபோது என் 9,500 அதிகமாக இருந்ததல்லவா, அது சனிக்கிழமையே உங்கள் கைக்கு வந்த பணம் என்பது உறுதியாகிவிட்டதல்லவா, பின் ஏன் கட்டணத்தைத் திருப்பவில்லை என்று கேட்டால், அது கம்ப்யூட்டர் தானாகப் பிடித்தது, எங்கள் கையில் இல்லை என்கிறார் மேலாளர். வாடிக்கையாளர் சேவை எண்ணில், நீண்ட இசைக்குப் பிறகு வந்த குரல், கிளையில் கேளுங்கள் என்றது. நிதி நிறுவனமோ, உங்கள் வங்கிதான் பணம் இல்லை என்று திருப்பியது, எங்களுக்கு அதற்கு மேல் தெரியாது என்கிறது. "ராத்திரிக்குள்ள ஏறிடும்" என்று சொன்ன அந்த ஊழியர், அப்படிச் சொன்னதாகவே நினைவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவர் கைப்படக் குறித்த சீட்டை நீட்டியபோது, அது வெறும் வரிசை எண் என்றார்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடத்தும் நாச் என்ற ஏற்பாட்டின் வழியாகத்தான் இந்தத் தவணைகள் எடுக்கப்படுகின்றன. 2021 ஆகஸ்ட் 1 முதல் அது ஞாயிறு, பண்டிகை என்று பார்க்காமல் எல்லா நாளும் இயங்குகிறது. ஆனால் ரொக்கம் வாங்கும் கவுன்டர் ஞாயிறும், 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் மூடியிருக்கிறது; மெஷினில் சிக்கிய பணத்தை எடுத்து எண்ணவும் வேலை நாள் வர வேண்டும். நம்மிடமிருந்து எடுப்பதற்கு விடுமுறை கிடையாது, நாம் கொடுத்ததைக் கணக்கில் எழுதுவதற்கு மட்டும் விடுமுறை உண்டு. இந்த இடைவெளியில் விழுகிறவரிடம் 590 ரூபாய் வாங்குகிறார்கள். இதை அறிந்திருக்க வேண்டிய வங்கி ஊழியரே, ஞாயிறன்று யார் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்கிறார்.

குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான அபராதத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014இல் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி வாதாடிப் பார்த்தேன். இது தவணை திரும்பிய கட்டணம், அது வேறு என்றார்கள். வாதத்தில் அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். அதற்காக, தங்கள் பெட்டியில் இருந்த என் பணத்தை இல்லை என்று சொல்லி 2,180 ரூபாய் போகவைத்தது நியாயமாகிவிடாது.

வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். எனக்கு வந்த அந்த ஒற்றை வரிப் பதிலை இணைத்து அங்கே அனுப்பிவிட்டேன். 14448 என்ற எண்ணில் வழிமுறை சொல்கிறார்கள்.

இதிலிருந்து தப்பிப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். இப்போது பொறுமை இல்லை, சுருக்கமாகவே சொல்கிறேன். தவணை நாள் ஞாயிறோ விடுமுறையோ என்றால், அதற்கு முன் வரும் கடைசி வேலை நாளுக்கும் முந்தைய நாளே பணத்தைக் கணக்கில் ஏற்றிவிடுங்கள். அவசரத்தில் ரொக்கத்தை மெஷினில் போடாதீர்கள். நம்பகமான ஒருவரிடம் ரொக்கத்தைக் கொடுத்து யு.பி.ஐ. வழியாக அனுப்பச் சொன்னால் அந்த நிமிடமே ஏறும். மெஷின் பணத்தை விழுங்கினால் யார் என்ன சொன்னாலும் புகார் எண் வாங்காமல் வெளியே வராதீர்கள், சீட்டைப் படம் எடுத்து வையுங்கள், அதன் மை சீக்கிரம் மங்கிவிடும். ஒரு முறை தவணை திரும்பிவிட்டால், பிடித்த கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கில் நிரப்புங்கள். நிதி நிறுவனத்துக்கு நேரடியாகக் கட்டுவதாக இருந்தால், மறுபடி வங்கிக்கு அனுப்பிவிட்டார்களா என்று முதலில் கேளுங்கள். அனுப்பியிருந்தால் தவணை இரண்டு முறை போகும். கூடுதலாகப் போனதைத் திரும்ப வாங்க இன்னொரு முறை இதே வாசல்களில் நிற்க வேண்டியிருக்கும்.